சிவனொளிபாத மலையிலிருந்து ஒரு லிப்ட்: எது விஞ்ஞானக் கதை, எது மாயக் கதை?

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அன்பளிப்பாக வந்த இரண்டு பெட்டிப் புத்தகங்களை அடுக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. கேகாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், இப்போது பாவனையில் இல்லாத பிள்ளைக்காம்பராவில் இரண்டு இறாக்கை வைத்திருக்கிறோம். கதைப் புத்தகங்கள் கூடிப்போனதால் ஒன்றில் ‘விஞ்ஞானக் கதை’ என்றும் மற்றதில் ‘மாயக் கதை’ என்றும் பேப்பர் ஒட்டினோம். அரை மணித்தியாலத்தில் முடியும் என்று நினைத்த வேலை. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் சண்டை ஓயவில்லை.

சண்டையை ஆரம்பித்து வைத்தது ஆர்தர் சி. கிளார்க்கின் ‘த பவுன்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’. அட்டையையும் முதல் சில பக்கங்களையும் பார்த்த பத்தாம் வகுப்புத் தம்பி ஒருத்தன் கேட்டான்: “அண்ணே, இதுல வர்ற மலை நம்ம மலைதானே? அப்ப இது எப்படி விஞ்ஞானம்? நம்ம மலையில லிப்ட் எல்லாம் இல்லையே.”

“லிப்ட் இல்லாததாலதாண்டா அது கதை” என்றார் ஒரு அக்கா.

“அப்ப மாயக் கதை இறாக்கையில வைக்கவா?”

யாருக்கும் உடனே பதில் வரவில்லை. அன்றைக்கு வராத பதிலைத்தான் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேடினோம். தேடத் தேட, இந்த எல்லைக்கோடு ஒரு சரித்திரம் என்று தெரிந்தது. யாரோ எப்போதோ ஏதோ தேவைக்காகப் போட்ட கோடு அது; நடுவில் பல தடவை இடம் மாறியிருக்கிறது. அந்தக் கோடு எங்கள் சப்ரகமுவ வழியாகவும் போயிருக்கிறது என்பதுதான் எங்களை உட்கார்ந்து எழுத வைத்தது.

முதலில் பெயர். இலங்கைப் பள்ளிக்கூடத்தில் படித்த எங்களுக்குப் பாடத்தின் பெயரே ‘விஞ்ஞானம்’. தமிழ்நாட்டில் அதே பாடம் ‘அறிவியல்’. அதனால் நாங்கள் விஞ்ஞானக் கதை என்போம், அவர்கள் அறிவியல் புனைகதை என்பார்கள், சிலர் சுருக்கி அறிபுனை என்பார்கள். மற்றப் பக்கம் இன்னும் குழப்பம். மிகுபுனைவு, மாயப் புனைவு, கனவுருப்புனைவு என்று எழுதுகிறவர் அளவுக்குப் பெயர்கள். எங்கள் அப்பாயிமாருக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. பாதாள பைரவி, விட்டலாச்சாரியா வகையறா எல்லாமே ‘மாயாஜாலப் படம்’. ஒரே சொல்லில் முடிந்தது.

இங்கிலீசில் மட்டும் தெளிவாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் அமெரிக்காவில் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். முழுக்க முழுக்க இந்த மாதிரிக் கதைகளுக்கென்றே வந்த முதல் இங்கிலீசுச் சஞ்சிகை என்று அதைத்தான் சொல்வார்கள். அவர் வைத்த பெயர் ‘சயன்டிஃபிக்‌ஷன்’. கதையோடு கதையாக வாசகருக்கு விஞ்ஞானமும் போகவேண்டும், நாளைக்கு வரப்போவதை முன்கூட்டியே சொல்லவேண்டும் என்பது அவர் ஆசை. ரேடியோச் சாமான் விற்ற ஆள். அதே யாவாரப் புத்திதான் லேபலும் ஒட்டியது. 1949இல் வேறு ஆட்கள் மாயக் கதைக்கென்று தனியாக ஒரு சஞ்சிகை போட்டார்கள். பெயரே ‘த மேகசின் ஒஃப் ஃபன்டசி’. இரண்டாவது இதழிலேயே பெயரோடு ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன்’ என்பதையும் சேர்த்துவிட்டார்கள். ஒரு இதழுக்கு மேல் அந்த வேலி நிற்கவில்லை. எங்கள் இறாக்கையாவது ஒரு பின்னேரம் தாக்குப்பிடித்தது.

இதற்கெல்லாம் முன்னாடியே நம் பக்கத்தில் ஒரு விசயம் நடந்திருக்கிறது. 1896இல், வங்காளத்தில் தலைமயிர் எண்ணெய்க் கம்பனி ஒன்று வைத்த கதைப் போட்டிக்கு விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் ஒரு கதை எழுதினார். கடலில் சூறாவளி. கப்பலில் இருக்கிற ஆள் ஒரு போத்தல் தலை எண்ணெயைக் கடலில் ஊற்றுகிறார், புயல் அடங்கிவிடுகிறது. கேட்டால் சித்தர் கதை மாதிரி இருக்கும். ஆனால் எண்ணெய் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் என்று சொல்லித்தான் கதை நகர்கிறது. மந்திரம் ஓதி அடக்கியிருந்தால் அதே சம்பவம் மாயக் கதை. போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, ஏன் அடங்கியது என்று கதை என்ன சொல்கிறது என்பதுதான் இங்கே கணக்கு.

இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் மலைக்கு வருவோம்.

கிளார்க் 1917இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1945இலேயே ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில், பூமி சுற்றும் அதே வேகத்தில் கூடவே சுற்றும் செய்மதிகளை வைத்து உலகம் முழுக்கத் தொடர்புகொள்ளலாம் என்று எழுதியவர். 1956இல் இலங்கைக்கு வந்தார், கடலுக்குள் நீந்துகிற ஆசையில். பிறகு இங்கேயே இருந்துவிட்டார். 1979இலிருந்து 2002 வரைக்கும் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர். 2008 மார்ச் 19இல் கொழும்பில் இறந்தார். பொரளை கனத்தையில்தான் அடக்கம். (அதற்குச் சரியாக மூன்று கிழமைக்கு முன்னர், பெப்ரவரி 27இல், சென்னையில் சுஜாதா இறந்திருந்தார். எங்களில் மூத்தவர்களுக்கு அந்த மாசம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.)

1979இல் வந்த அந்த நாவல் ஹியூகோ, நெபியூலா என்ற இரண்டு பெரிய விருதுகளையும் வாங்கியது. கதை 22ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. வன்னவார் மோர்கன் என்ற பொறியியலாளர், தரையிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிப்ட் கட்ட நினைக்கிறார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதி வைத்தால் அது கீழே இருக்கிறவருக்கு ஒரே இடத்தில் நிற்கிற மாதிரித் தெரியும். அங்கேயிருந்து ஒரு கம்பியைத் தரைவரைக்கும் இறக்கினால் ரொக்கெட் தேவையில்லை, ஏறிப் போகலாம். இது கிளார்க் கற்பனையில் முளைத்தது இல்லை. 1895இலேயே ருசியாவில் சியோல்கோவ்ஸ்கி விண்வெளி உயரத்துக்கு ஒரு கோபுரத்தை யோசித்திருக்கிறார்; 1960இல் யூரி அர்சுதானோவ் என்ற பொறியியலாளர் மேலேயிருந்து கம்பி இறக்கும் யோசனையைப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். கணக்கு சரி. அந்தப் பாரத்தைத் தாங்குகிற கம்பிதான் இன்றைக்கு வரைக்கும் இல்லை.

லிப்டின் கீழ் நுனி எங்கே? ‘தப்ரபேன்’ என்ற தீவில், ‘ஸ்ரீ கந்த’ என்ற மலை உச்சியில். பெயர் மாறினாலும் ஆளைத் தெரிகிறதுதானே. இரத்தினபுரி மாவட்டத்தின் விளிம்பில், 2,243 மீற்றர் உயரத்தில் நிற்கிற சிவனொளிபாத மலை. சீசன் காலத்தில் இரவில் உச்சியில் லைட் எரியும்போது, முகில் இல்லாவிட்டால், அது வானத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு லிப்ட் ஒன்றும் பெரிய அதிசயமாகத் தெரியாது.

உச்சியில் பௌத்த மடம் இருக்கிறது. பிக்குகள் இடத்தைத் தர மறுக்கிறார்கள். உலக நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போகிறது, பிக்குகளுக்குத்தான் வெற்றி. இனி விஞ்ஞானத்தால் ஆகவேண்டிய வேலை ஒன்றும் இல்லை. அப்போது ஒரு பழைய ஐதீகம் உள்ளே வருகிறது. அந்த மலையில் ஏற முயன்று ஏறமுடியாமல் செத்துப்போகிற வண்ணத்துப்பூச்சிகள், பழைய காலத்து அரசன் ஒருவனின் படைவீரர்களாம். அவை என்றைக்கு உச்சியைத் தொடுகிறதோ அன்றைக்குப் பிக்குகள் மலையை விட்டு இறங்கவேண்டும். ஒரு நாள் பெருங்காற்று அடித்து வண்ணத்துப்பூச்சிகளை உச்சியில் கொண்டுபோய்ப் போடுகிறது. பிக்குகள் இறங்கிவிடுகிறார்கள்.

சிங்களத்தில் இந்த மலைக்கு ‘சமனல கந்த’ என்றும் பெயர். சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி. மாசி, பங்குனியில் கூட்டம் கூட்டமாகப் பறந்து போகிறதைப் பார்த்தால் “மலைக்குப் போகுது” என்று எங்கள் பக்கத்துச் சிங்களவர்களும் சொல்வார்கள், எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். கிளார்க் அதைக் காதில் வாங்கியிருக்கிறார். ஆனால் அவர் கதையில் அந்தக் காற்று தானாக அடிக்கவில்லை. பருவமழையைக் கட்டுப்படுத்துகிற கருவி அமைப்பு ஒன்றில், முன்பு விஞ்ஞானியாக இருந்து பிக்குவான ஒருத்தர் கைவைத்ததால் கிளம்பிய காற்று. ஆக, சாபம் பலித்தது. பலித்த விதம் விஞ்ஞானம்.

இந்த இடத்தில்தான் எங்கள் சண்டை உச்சத்துக்குப் போனது. காற்றுக்குக் காரணம் சொல்லிவிட்டார், சரி. பல நூறு வருசத்துக்கு முந்தி யாரோ சொன்ன வாக்கு ஏன் சரியாகப் பலிக்கவேண்டும்? அதற்குக் காரணம் சொல்லவில்லை. ஒரே காட்சிக்குள் இரண்டு இறாக்கையும் இருக்கிறது. இதே கிளார்க்தான், நன்றாக முன்னேறிய தொழில்நுட்பத்தையும் மந்திரத்தையும் பிரித்தறிய முடியாது என்ற கருத்தைத் தன்னுடைய மூன்றாவது விதியாக 1973இல் அச்சில் வைத்தவர். 1953இல் எழுதிய ‘சைல்ட்ஹூட்ஸ் என்ட்’ நாவலில் வேற்றுக்கிரகத்தாருக்குக் கொம்பும் இறக்கையும் வாலும் வைத்துச் சாத்தான் உருவத்திலேயே இறக்கினார். கடுமையான கணக்குவழக்கு எழுத்தாளர் என்று பெயர் எடுத்தவர், வேலியில் அடிக்கடி ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் ஒன்று. நாவலின் பின்னுரையில் அவர் மூன்று விசயத்தை ஒத்துக்கொள்கிறார். தீவை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி பூமத்திய ரேகையில் வைத்தேன்; மலையின் உயரத்தை இரண்டு மடங்கு ஆக்கினேன்; சிகிரியாவை வைத்து உண்டாக்கிய கோட்டைக்குப் பக்கத்தில் மலையைக் கொண்டுவந்தேன் என்று. லிப்ட் நிற்கவேண்டுமென்றால் பூமத்திய ரேகை வேண்டும், எங்கள் மலையோ ஏழு பாகைக்குக் கிட்ட வடக்கே இருக்கிறது. அதனால் ஒரு நாட்டையே தூக்கி வைத்தார். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கியதை விடப் பெரிய தூக்கு. ஆனால் தூக்கியதைச் சொல்லிவிட்டார். இந்த ஒத்துக்கொள்ளலை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அதே 1979இல் தார்கோ சுவின் என்ற விமர்சகரின் புத்தகம் ஒன்று வந்தது. விஞ்ஞானக் கதைக்கு இன்றைக்கு வரைக்கும் ஆட்கள் அதிகமாக எடுத்துச்சொல்கிற வரையறை அவருடையதுதான். நமக்குப் பழகிய உலகத்தை அந்நியமாக்கிக் காட்டவேண்டும். அந்த அந்நியம் அறிவால் பிடிபடக்கூடியதாக இருக்கவேண்டும். கதைக்குள் புதிதாக நுழைகிற ஒரு விசயத்திலிருந்து மற்ற எல்லாம் கிளை பிரியவேண்டும். நல்ல வரையறைதான். ஆனால் மாயக் கதையை அவர் கிட்டத்தட்ட வாசலிலேயே நிறுத்திவிட்டார், ஏதோ தரம் குறைந்த சரக்கு என்கிற மாதிரி. இன்னொரு பக்கம் டொல்கீன், 1939இல் ஆற்றிய உரையில், மாயக் கதைக்கும் கட்டுப்பாடு உண்டு என்று சொல்லியிருந்தார்: இன்னொரு உலகத்தைப் படைத்தால் அந்த உலகத்தின் சட்டத்துக்கு அது கட்டுப்படவேண்டும். பல்கேரியாவில் பிறந்த தோதோரவ் 1970இல் மூன்றாவதாக ஒரு இடத்தைக் காட்டினார். பேயா, பிரமையா என்று வாசகர் தடுமாறுகிற நேரம் வரைக்கும் நீடிக்கிற கதை. அவர் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைப் படித்திருந்தால் உதாரணத்துக்குத் தேடி அலைந்திருக்க மாட்டார் என்பது எங்கள் எண்ணம். அந்த வீட்டுக்கு வந்த பொம்பிளை யார் என்று இன்றைக்கும் எங்களால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இந்த அளவுகோல்களை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தால் என்ன ஆகும்? இங்கேதான் எங்களுக்குச் சுவாரசியம்.

தேயிலை ஸ்டோரில் ‘ரோதமுனி’ என்று ஒரு தெய்வம் உண்டு. ரோதை என்றால் சக்கரம். மெசினைச் சுற்றவைக்கிற பெரிய சக்கரம். இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்கள், வாழ்க்கையில் முதல் தடவையாக இவ்வளவு பெரிய மெசினைப் பார்த்தார்கள். கை போனவர்கள் இருந்தார்கள், உயிர் போனவர்கள் இருந்தார்கள். ஊரில் காட்டுக்கும் கம்மாய்க்கும் முனி இருந்த மாதிரி மெசினுக்கும் ஒரு முனியை வைத்தார்கள். கவ்வாத்துக்குக் கவ்வாத்துச்சாமி, கொழுந்துக்குக் கொழுந்துச்சாமி. இதை ‘மூடநம்பிக்கை’ என்று ஒரு சொல்லில் தாண்டிப் போகிறவர்கள், மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818இல் எதைப் பயந்து எழுதப்பட்டது என்று ஒரு தடவை யோசிக்கவேண்டும். அதை முதல் விஞ்ஞானப் புனைகதை என்று பிரையன் ஆல்டிஸ் சொன்னார், பலர் ஏற்றுக்கொண்டார்கள். புது மெசினுக்கு முன்னால் நிற்கிற மனுசரின் பயம் ஒரு இடத்தில் நாவல் ஆனது, இன்னொரு இடத்தில் முனி ஆனது. சுவினிடம் கேட்டால் ரோதமுனியை வாசலிலேயே நிறுத்துவார். நாங்கள் உள்ளே விடுவோம். சும்மா சொல்லவில்லை, ரோதமுனி கதையில் மெசினுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. எப்போது கிட்டப் போகலாம், எப்போது கூடாது, யார் தொடலாம் என்று.

ஆனால் அதற்காக எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போடவும் முடியாது. காமன்கூத்தில் மன்மதன் எரிகிற இராத்திரி, அந்த வேசம் கட்டியவரிடம் போய் “இது ஃபன்டசிதானே” என்று கேட்டுப் பாருங்கள். விரதம் இருந்து ஆடுகிறவருக்கு அது கற்பனைக் கதை இல்லை, சடங்கு. கற்பனை என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பிறகுதான் விஞ்ஞானமா மாயமா என்ற கேள்வியே வரும்.

தமிழ்ப் படங்களில் இந்த வேலி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் வந்து பாட்டுக்காரியைத் தூக்கிப் போகிறார்கள். வேற்றுக்கிரகம் வந்துவிட்டதால் விஞ்ஞானம் என்று எழுதிவிடுவார்கள். நடப்பது என்னவோ ராஜா ராணிக் கதைதான். 2018இல் வந்த ‘2.0’வை எடுங்கள். பறவைகளுக்காகத் தூக்கில் தொங்கியவர் திரும்பி வந்து போன்களைப் பறக்கவைக்கிறார். எங்கள் லயத்தில் யாரைக் கேட்டாலும் அது பேய் என்றுதான் சொல்வார்கள். படமோ ‘ஓரா’ என்ற ஒரு சொல்லைப் போட்டு அதை விஞ்ஞானம் ஆக்கிவிடுகிறது. கூடு விட்டுக் கூடு பாய்கிற திருமூலர் கதைக்கும், ஒருத்தர் நினைவை இன்னொருத்தர் உடம்பில் ஏற்றுகிற ‘மாயவன்’ படத்துக்கும் சம்பவம் ஒன்றுதான். நடுவில் ஒரு மெசின் வைத்திருக்கிறார்கள். மெசின் வைத்தால் போதுமா? எங்களுக்குப் போதாது. அந்த மெசினால் இனி என்ன முடியும், என்ன முடியாது என்று கதை தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய மந்திரக்கோல்தான், பற்றரி போட்டது.

சுஜாதா இதில் கவனமான ஆள். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற ரோபோ நாய் பேசும், யோசிக்கும், ஆனால் அது ஏன் யோசிக்கத் தொடங்கியது என்பதே கதையின் பிரச்சினையாக இருக்கும். அந்தக் கதை 1980களில் எழுதப்பட்டு 2020களின் தொடக்கத்தில் நடப்பது. அந்த வருசங்கள் வந்து போய்விட்டன. 2022இல் எங்களுக்கு ரோபோ நாய் வரவில்லை; நாங்கள் கேஸ் கியூவில் நின்றுகொண்டிருந்தோம். திகதி தாண்டிப்போன விஞ்ஞானக் கதை இனி எந்த இறாக்கை? சண்டையில் இதற்கும் ஒரு மணித்தியாலம் போனது. ஜெயமோகன் ‘விசும்பு’ தொகுப்பில் சித்த மருத்துவம், ரசவாதம் மாதிரி நம் பக்கத்து அறிவு மரபுகளிலிருந்து விஞ்ஞானக் கதை எழுதிப் பார்த்தார். ‘அரூ’ இணைய இதழ் தன்னைக் கனவுருப்புனைவு இதழ் என்று சொல்லிக்கொண்டே அறிவியல் சிறுகதைப் போட்டி வைத்தது. ஆக, எழுதுகிறவர்கள் இந்த வேலியைப் பற்றி அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை.

அப்படியென்றால் நாம் மட்டும் ஏன் அலட்டிக்கொள்ளவேண்டும்? எங்களுக்கும் நடுவில் அப்படித்தான் தோன்றியது, பேப்பரைக் கிழித்துவிடலாமா என்று. அப்போது பெட்டியின் அடியிலிருந்து மூன்றாவது வகைப் புத்தகம் ஒன்று வந்தது. இராவணனின் விமானங்கள் பற்றியது, படம் எல்லாம் போட்டு. அதைக் கதை என்று அது சொல்லவே இல்லை.

2019 யூன் மாசம் இலங்கையின் முதல் ஆய்வுச் செய்மதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. ஒரு கிலோ அளவு பாரம். பெயர் ‘இராவணா-1’. பெயரில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அழகான பெயர், புஷ்பக விமானத்தில் பறந்தவர்தானே. ஆனால் அதற்கு அடுத்த மாசமே கட்டுநாயக்கவில் கூட்டம் போட்டு, 5,000 வருசத்துக்கு முந்தி இராவணன் உண்மையாகவே விமானம் ஓட்டினார் என்று பேசினார்கள். 2020இல், அதற்கு ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டுப் பத்திரிகையில் அரசாங்க விளம்பரமே வந்தது. இந்தியாவில் ‘வைமானிக சாஸ்திரம்’ என்ற நூலைப் பழங்காலத்து விமான நூல் என்று இன்றைக்கும் தூக்கிப் பிடிக்கிறார்கள். பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழக ஆய்வாளர்கள் 1974இலேயே அதை ஆராய்ந்து, அது 1900க்கும் 1922க்கும் இடையில் உண்டாக்கப்பட்டது, அதில் சொன்ன விமானங்கள் பறக்காது என்று எழுதிவிட்டார்கள். தமிழர்களான நாமும் சும்மா இருக்கவில்லை. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர் விலங்குகள் ஏன் மடகஸ்காரிலும் அதன் உறவு வகைகள் இந்தியாவிலும் இருக்கின்றன என்று விளக்க ‘லெமூரியா’ என்ற கண்டத்தை ஊகித்தார். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு விஞ்ஞானிகளுக்கு அந்த ஊகம் தேவையில்லாமல் போய்விட்டது. நாம் அதைக் குமரிக்கண்டத்தோடு ஒட்டி இன்னும் சரித்திரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். குமரிக்கண்டத்தை வைத்து அருமையான நாவல் எழுதலாம். அதை வரைபடத்தில் போட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போதுதான் பிரச்சினை.

விஞ்ஞானக் கதை, “இது நடக்கலாம், எப்படியென்று சொல்கிறேன்” என்று நம்மோடு ஒரு பேச்சுப் பேசுகிறது. மாயக் கதை, “இது நடக்காது, ஆனாலும் கேள்” என்கிறது. இந்த இரண்டும் தங்களைக் கதை என்று ஒத்துக்கொள்கின்றன. கிளார்க் தீவை நகர்த்தியதைப் பின்னுரையில் எழுதியது அதனால்தான் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. மூன்றாவது ஆள் எதையும் ஒத்துக்கொள்வதில்லை. அவர் “இது நடந்தது” என்கிறார், இல்லையென்றால் “இது இருக்கிறது, வா” என்கிறார்.

எங்கள் ஆட்களுக்கு அந்த மூன்றாவது ஆளைத் தெரியும். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஊரில் சொல்லித்தான் ஆள் பிடித்தார்கள் என்பது மலையகத்தில் எந்த வீட்டிலும் சொல்கிற கதை. தனியாகக் கேட்டால் எவ்வளவு அழகான மாயக் கதை! செடிக்கு அடியில் மாசிக் கருவாடு. கங்காணி அதைக் கதையாகச் சொல்லியிருந்தால் திண்ணையில் உட்கார்ந்து சிரித்திருப்பார்கள். தகவலாகச் சொன்னதால் கப்பல் ஏறினார்கள்.

உட்பிரிவுகளைப் பற்றிக் கொஞ்சம். ‘ஸ்பேஸ் ஒபெரா’ என்ற சொல் 1941இல் வில்சன் டக்கர் கேலிக்குச் சொன்னது, வானொலி சோப் ஒபெரா மாதிரி என்று. இன்றைக்கு அதே பெயரில் பெருமையாக விற்கிறார்கள். கணக்கு தப்பாத ‘ஹார்ட்’ வகை, கணினி யுகத்தின் ‘சைபர்பங்க்’, நீராவி மெசினை வைத்து எழுதுகிற ‘ஸ்டீம்பங்க்’ என்று பட்டியல் நீளும். ஸ்டீம்பங்க் எங்களுக்கு ஒட்டவில்லை. பழைய ஸ்டோர்களில் ரோலரும் சிரோக்கோ காய்ச்சுமெசினும் இன்றைக்கும் நிற்கிற ஊர்க்காரனுக்கு அது கற்பனை மாதிரியே இல்லை.

எங்களுக்குத் தேவையென்று பட்டது இரண்டு. ஒன்று கற்பனை நாடு. வங்காளத்து ரொக்கையா சகாவத் ஹுசைன் 1905இலேயே பொம்பிளைகள் ஆளுகிற நாட்டை ‘சுல்தானாவின் கனவு’ என்று எழுதினார். ஆண்கள் வீட்டுக்குள், சூரிய சக்தியில் சமையல். மற்றது மாற்று வரலாறு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோற்றிருந்தால்? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இங்கே என்று ஆட்களைப் பங்குபோட்டிருக்காவிட்டால், இன்றைக்கு இரத்தினபுரி டவுன் எப்படி இருக்கும்? இதற்கு ரொக்கெட்டும் வேண்டாம், முனியும் வேண்டாம். சுவினின் கணக்கிலும் இது தேறும். இப்படி ஒரு தமிழ் நாவல் எங்கள் கைக்கு இன்னும் வரவில்லை.

கிளார்க்கின் நாவலில் எங்களுக்கு ஒரு மனக்குறையும் உண்டு, சொல்லிவிடுகிறோம். பொறியியலாளர் இருக்கிறார், ஓய்வுபெற்ற இராஜதந்திரி இருக்கிறார், தொல்லியலாளர், மகாநாயக்க தேரர், செய்தியாளர் எல்லாம் இருக்கிறார்கள். முதன்மைப் பாத்திரங்களில் தோட்டத்து ஆள் ஒருத்தரும் இல்லை. அந்த மலையைச் சுற்றித் தேயிலை இருக்கிறது, தேயிலைக்குள் நாங்கள் இருக்கிறோம். 22ஆம் நூற்றாண்டில் நாங்கள் எங்கே போனோம் என்று தம்பி கேட்டான். 36,000 கிலோமீற்றருக்குக் கம்பி இழுத்தவருக்கு லயம் வரைக்கும் இழுக்கத் தோன்றவில்லை போல.

கடைசியில் இறாக்கை விசயம். இராவண விமானப் புத்தகத்தை இரண்டிலும் வைக்கவில்லை. அலுமாரிக்கு மேலே தனியாகக் கிடக்கிறது, கேட்டால் எடுத்துத் தருவோம், கூடவே 1974 ஆய்வைப் பற்றியும் சொல்லித் தருவோம். கிளார்க்கை விஞ்ஞானக் கதை இறாக்கையில் வைத்தோம். போன கிழமை பார்த்தால் யாரோ அதை மாயக் கதைப் பக்கம் மாற்றி வைத்திருக்கிறார்கள். தம்பிதான் என்று சந்தேகம்.

அவன் இப்போது ஒரு கதை எழுதுகிறான். ஸ்டோருக்குப் புது கொம்பியூட்டர் மெசின் வருகிறது. பழைய ரோதமுனிக்கு அதற்குள் குடிபோக முடியவில்லை, பாஸ்வேர்ட் கேட்கிறது. மூன்றாவது பக்கத்தில் நிற்கிறது கதை. முனிக்கு யார் பாஸ்வேர்ட் சொல்லிக்கொடுப்பது என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு திரிகிறான்.